திரையின் மூலையில் ஓர் எண்

குருவம்மா என்பது பட்டப்பேர் இல்லை. வீட்டில் வைத்த பேரே அதுதான். விருதுநகரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே, மாடியில், கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறாள். வயது இருபத்தேழு. கம்ப்யூட்டரில் விண்டோஸை விட்டுவிட்டு, லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளத்துக்கு வந்தவர்கள், எங்கேயாவது மாட்டிக்கொண்டால், ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளிடம்தான் போவார்கள். போகிறவர்கள் எல்லாரும் அவளைவிட மூத்தவர்கள். முதலில் கேலியாகத்தான் 'குருவே' என்று கூப்பிட்டார்கள். போகப் போகக் கேலி போய்விட்டது, பேர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

நானும் அந்தக் கூட்டத்தில் ஓர் ஆள். என் பிரிண்டர் தமிழ் எழுத்தையெல்லாம் கட்டம் கட்டமாக அடித்துத் தள்ளுகிறது என்று அன்றைக்கு அதையும் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். அது கிடக்கட்டும். சொல்ல வந்தது வெயிலுமுத்துவைப் பற்றி.

வெயிலுமுத்துவுக்கு எண்ணெய் மில்லில் ஆபீஸ் வேலை. தங்கமான மனுஷன். ஆனால் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டான். அவன் மனைவி சுடர்க்கொடி அரசுப் பள்ளியில் அறிவியல் டீச்சர். கல்யாணம் முடிந்த கையோடு கிருஷ்ணகிரிப் பக்கம் வேப்பனப்பள்ளியில் வேலை போட்டுவிட்டார்கள். இவன் இங்கே, அவள் அங்கே. மாசத்துக்கு ஒரு தடவை பார்த்தால் பெரிய விஷயம்.

போனில் பேசினால் 'சாப்டியா', 'சாப்ட்டேன்' என்பதோடு முடிந்துவிடும். அதனால் ரெண்டு பேரும் அவரவர் ஊரிலிருந்தே கம்ப்யூட்டரில் சேர்ந்து, ஒரு லாரி ஓட்டுகிற கேம் விளையாடினார்கள். சுடர்க்கொடிக்குப் பிறந்த ஊர் சங்ககிரி, லாரிக்குப் பேர்போன ஊர். யோசனையும் அவளுடையதுதான். ஏதோ ஒரு வெளிநாட்டு ரோட்டில் அவள் லாரி முன்னால் போகும், இவன் லாரி பின்னால் போகும். லோடை இறக்குவதற்குள் மைக்கில் ஊர்க்கதை எல்லாம் பேசிவிடுவார்கள். சொல்லப்போனால் அவர்கள் குடித்தனம் நடத்தியதே அந்த ரோட்டில்தான்.

இதற்கு நடுவில்தான் வெயிலுமுத்து லினக்ஸுக்கு மாறினான்.

அன்றைக்கு சிபியுவை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினான். முகம் சரியில்லை.

"குருவே, ஒரு கேள்வி."

"கேளுங்கண்ணே."

"விண்டோஸ்ல ஓடுற மாதிரியே அந்த கேம் இதுல ஓடுமா, ஓடாதா?"

"இப்ப ஓடலையா?"

"ஓடுது. ஆனா அம்பத்திரெண்டுலதான் ஓடுது. அறுபது வரணும்."

அந்த அம்பத்திரெண்டு என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். திரையில் படம் ஒரு நொடிக்கு எத்தனை தடவை மாறுகிறது என்பதன் கணக்கு அது. எண் கூடினால் படம் வழுக்கிக்கொண்டு போகும், குறைந்தால் இடறும். வேண்டுமென்றால் அதைத் திரையின் மூலையில் எந்நேரமும் காட்டச் சொல்லலாம். வெயிலுமுத்து காட்டச் சொல்லியிருந்தான்.

"அவ முன்ன மாதிரி கேமுக்கு வரமாட்டேங்கிறா, குருவே. ஒரு வாரமா ஆளையே காணோம். இங்க படம் இடறுது, அவளுக்கு வெறுத்துப் போச்சு. இந்த மாசம் டீச்சர்களுக்கு மாறுதல் கலந்தாய்வு. இந்தப் பக்கம் கேட்டு எழுதிப் போட்டியான்னு போன்ல கேட்டேன். பாத்துக்கலாம்னு சொல்லிட்டு வச்சுட்டா. எனக்குப் பயமா இருக்கு."

எனக்கே பாவமாக இருந்தது.

குருவம்மா சிபியுவைத் தொடவில்லை.

"கடைசியா ரெண்டு பேரும் சேந்து ஓட்டுனீங்களே, அன்னைக்கு எங்க போனீங்க?"

"எங்கயும் போகல. அன்னைக்குத்தான் லினக்ஸுக்கு அடிப்படையா இருக்கே, அந்தக் கெர்னல மாத்துனேன். மாத்துனதும் கேம் திறக்கவே இல்ல."

"அதுக்கு முந்தி?"

"அதுக்கு முந்தி புரோட்டான மாத்துனேன்."

விண்டோஸுக்கென்று செய்த விளையாட்டை லினக்ஸில் ஓட்ட நடுவில் ஒரு துபாஷி வேண்டுமல்லவா, அதுதான் புரோட்டான். அதில் பத்துப் பதினைந்து வகை இருக்கிறது. வெயிலுமுத்து ஒன்று விடாமல் போட்டுப் பார்த்திருக்கிறான்.

"நீங்க மாத்துற வரைக்கும் அவங்க என்ன பண்ணுனாங்க?"

"வண்டிய ஓரங்கட்டிட்டு, இண்டிகேட்டர் போட்டு நின்னா."

"சும்மாவா நின்னாங்க?"

"ஏதோ பேசிக்கிட்டுத்தான் இருந்தா. ஸ்கூல் விஷயம்."

"என்ன விஷயம்?"

வெயிலுமுத்து வாயைத் திறந்தான். யோசித்தான். மேலே ஃபேனைப் பார்த்தான்.

"விண்டோஸுக்கே திரும்பிப் போயிரட்டுமா, குருவே? நீங்க திட்டுவீங்கன்னுதான் கேக்காம இருந்தேன்."

"நான் ஏன் திட்டப்போறேன்? தாராளமாப் போங்க. அங்கயும் அந்த நம்பர் இருக்கு."

அப்புறம்தான் எழுந்தாள். சிபியுவை மேஜையில் வைத்து மானிட்டர், மைக், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் இணைத்தாள். கேமைத் திறக்கும்போது கூடவே சேர்ந்து ஓடுவதற்கு என்று அவன் எழுதி வைத்திருந்த கட்டளைகளைப் பார்த்தாள். நம் ஊர்க் கல்யாணப் பத்திரிகையில் சொந்தக்காரர் பேர் போடுவார்களே, அந்த மாதிரி நீண்டுகொண்டே போனது. மொத்தத்தையும் அழித்தாள். வெயிலுமுத்துவுக்கு உயிரே போய்விட்டது.

"குருவே, அது ரெண்டு மாச உழைப்பு."

"தெரியுதுண்ணே."

கேம் திறந்தது. ரோடு வந்தது, லாரி வந்தது, மூலையில் பச்சை எண்ணும் வந்தது.

"ஓட்டுங்க."

ஓட்டினான். கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை, முன்னால் போன வண்டியின் பின்பக்கம் கொண்டுபோய்ச் சொருகினான்.

"முன்னாடி போனது என்ன வண்டி?"

"கவனிக்கல."

"நம்பர் எவ்வளவு இருந்துச்சு?"

"நாப்பத்தொண்ணு. இடிக்கும்போது முப்பத்தெட்டு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குருவம்மா சிரிக்கவில்லை. நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்தாள். மானிட்டரின் மூலையில், எண்ணுக்கு நேர் மேலே ஒட்டினாள்.

"குருவே, இதுக்கு எதுக்குப் பொட்டு? ஒரு பட்டனைத் தட்டுனா நம்பர் போயிரும்."

"அதே பட்டனைத் தட்டுனா திரும்ப வந்துரும்."

"பொட்டையும் எடுத்துறலாமே."

"எடுங்க, பாப்போம்."

அவன் கை பாதி தூரம் போய்த் திரும்பிவிட்டது. இன்னொருத்தி நெற்றியில் இருந்த பொட்டு. எந்த ஆம்பளை எடுப்பான்?

"இப்ப அவங்களக் கூப்பிடுங்க" என்றாள் குருவம்மா.

"வரமாட்டா."

"கூப்பிடுங்கண்ணே."

மெசேஜ் போட்டான். காத்திருந்தான். நாங்கள் கீழே டீ சொல்லி, அது வந்து, குடித்தும் முடித்தோம். அதற்குப் பிறகுதான் திரையில், ரோட்டோரத்தில் ஒரு சிவப்பு லாரி வந்து நின்றது. நின்றதும் இண்டிகேட்டர் போட்டது.

ஸ்பீக்கரில் சுடர்க்கொடியின் குரல் வந்தது. நான் எழுந்து கீழே போகப் பார்த்தேன். 'உக்காருங்க' என்று குருவம்மா கையைக் காட்டிவிட்டாள்.

"ஏனுங்க, முடிச்சிட்டுச் சொல்லுங்க. நா இங்கயே நிக்கறேன்."

"முடிக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல. கிளம்பு."

"படமெல்லாம் சரியாயிருச்சுங்களா?"

"தெரியல. நீ கிளம்பு, நான் பின்னாலயே வாரேன்."

சிவப்பு லாரி மெதுவாக ரோட்டில் ஏறியது. வெயிலுமுத்து பின்னாலேயே போனான். படம் இடறத்தான் செய்தது. வளைவில் திரும்பும்போது மரமெல்லாம் விட்டுவிட்டு நகர்ந்தது. ஒன்றிரண்டு தடவை அவன் கண் மூலைக்குப் போனது. அங்கே கறுப்புப் பொட்டுதான் இருந்தது.

"லோடு என்ன?" என்று கேட்டான்.

"மரம். உங்களுக்கு?"

"பாக்கவே இல்ல, இரு." பார்த்தான். "சிமெண்டு."

அவள் சிரித்தாள். வெயிலுமுத்து நிமிர்ந்து உட்கார்ந்தான். ஒரு வாரமாக அந்தச் சிரிப்புக்குத்தான் செத்துக்கொண்டிருந்தான் என்று பார்த்தாலே தெரிந்தது.

ஒரு பாலம் தாண்டினார்கள். ஒரு ஊர் தாண்டினார்கள். பள்ளிக்கூடத்தில் குரங்கு புகுந்து சத்துணவு முட்டையைத் தூக்கிக்கொண்டு போன கதையை அவள் சொன்னாள். அவன் எத்தனை முட்டை என்று கேட்டான். ஹெட்மாஸ்டர் துரத்தினாரா என்று கேட்டான். ரோடு நேராகப் போய்க்கொண்டிருந்தது.

"நான் ஒண்ணு கேக்கணும்" என்றான் வெயிலுமுத்து. "அன்னைக்கு நீ ஓரமா நின்னுக்கிட்டு ஸ்கூல் விஷயம் ஏதோ சொன்னியே. எனக்கு ஞாபகமே வரல. என்ன சொன்ன?"

"அதை எதுக்குங்க இப்ப?"

"சொல்லு."

"கலந்தாய்வு லிஸ்ட்டுல அருப்புக்கோட்டை பக்கம் ஒரு இடம் காட்டறாங்க, எழுதிக் குடுக்கட்டுங்களான்னு கேட்டேன்."

"நான் என்ன சொன்னேன்?"

"பாத்துக்கலாம்னீங்க."

நான் குனிந்து என் பிரிண்டரைப் பார்த்துக்கொண்டேன். அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"மறுபடியும் ஒருக்கா கேட்டேங்க. அப்பவும் அதேதான் சொன்னீங்க. நா வர்றது உங்களுக்கு அவ்ளோ முக்கியமில்ல போலன்னு நெனச்சிக்கிட்டேன்."

"எழுதிக் குடு. இப்பவே குடு. இன்னைக்கே குடு."

"வெள்ளிக்கிழமையோட முடிஞ்சு போச்சுங்க."

"அந்த இடம்?"

"வேற யாரோ எடுத்துட்டாங்க. இனி அடுத்த வருசந்தான்." அவள் குரலில் கோபமில்லை. கோபமிருந்தால் தேவலை என்று இருந்தது. "சரி உடுங்க. ரோட்டப் பாத்து வாங்க, எறக்கம் வருது."

வெயிலுமுத்துவின் கை விசைப்பலகையை விட்டு விலகிவிட்டது. லாரி தானாக வேகம் குறைந்து நடுரோட்டில் நின்றது. மைக்கை அணைத்தான். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. முப்பத்து மூன்று வயசு ஆள், எங்கள் ரெண்டு பேர் முன்னாலும் அதைத் துடைக்கக்கூட இல்லை.

குருவம்மா பக்கம் திரும்பினான்.

"ஒரு வருஷம் போச்சே, குருவே. நான் இதை எப்படிச் சரி பண்ணுவேன்? ஏதாவது வழி இருந்தா சொல்லுங்க. என்ன வேணாலும் செய்றேன். நீங்க சொல்லுங்க, நான் இப்ப என்ன பண்ணணும்?"

குருவம்மா அவனைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிவப்பு லாரி இறக்கத்தில் இறங்கிச் சின்னதாகிக்கொண்டே போனது.

"என்கிட்டப் பேசிக்கிட்டு நிக்கிறீங்களேண்ணே" என்றாள். "அவங்க போய்க்கிட்டிருக்காங்க, பாருங்க."