குழையாத சோளம்

ஓர் ஊரில் ஒரு மெஸ் இருந்தது. அதன் அடுக்களையில் ஒரே சட்டம்தான்: உள்ளே வந்தவர் யாராக இருந்தாலும் குழைந்தாக வேண்டும். அரிசி குழைந்தது, பருப்பு மசிந்தது, உளுந்து நுரை பொங்க அரைபட்டது. குழையாத ஆசாமி நேரே மிக்சிக்குள் போவார். அப்பீலே கிடையாது.

அந்த அடுக்களைக்குத்தான் வெள்ளைச் சோளம் வந்து சேர்ந்தது. நன்றாக ஊறியது. குக்கரில் விசில் மேல் விசில் வாங்கியது. மூடியைத் திறந்தால், அப்போதும் மணி மணியாக உட்கார்ந்திருந்தது.

சமையல்காரி அமலோற்பவம் ஒரு மணியை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து நசுக்கினாள். சோறு பதம் பார்த்த கை அது. சோளம் நசுங்காமல் வழுக்கி ஓடியது.

"அட சனியனே! இவ்வளவு கேஸைத் தின்னும் வேகலையே!"

மிக்சிக்கு வாயெல்லாம் பல். "என்கிட்ட அனுப்புக்கா. ஒரே சுத்து, மாவாயிடுவான்."

சோளம் குக்கரின் அடிக்கு நழுவியது. மாவாகிவிட்டால் அதோடு போச்சு. அப்புறம் எது சோளம், எது கோதுமை என்று யார் கேட்கப் போகிறார்கள்?

தயிர் மெல்லப் பேச்சுக் கொடுத்தது. "தம்பி, வீம்பு பிடிக்காதே. என்னைப் போர்த்திக்கோ. நெய் அண்ணனும் கூட வருவாரு. நீ உள்ள இருக்கிறதே தெரியாம நைசா தொண்டையில இறங்கிடலாம்."

"மூடி மறைக்கிற அளவுக்கு நான் எவன் வீட்டுல களவாடினேன்?" சோளத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "நான் வெந்துட்டேன். குழையலை, அவ்வளவுதான்."

"ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம். அக்காதான் நசுக்கிப் பார்த்துட்டாங்களே!" என்றது நெய்.

"அது சோத்துக்குச் சொன்னது. நான் சோளம்! அக்கா, விரலுக்கு என்ன தெரியும்? பல்லைக் கேளு!"

அமலோற்பவம் இடுப்பில் கை வைத்து முறைத்தாள். "பார்றா, எனக்கே பதம் சொல்லிக் குடுக்குது!" என்றபடி ஒரு மணியை வாயில் போட்டுக் கடித்தாள். தோல் பல்லை எதிர்த்து நின்று, பிறகு பட்டென்று விட்டது. உள்ளே பூவாக வெந்திருந்தது.

"அடப்பாவி, வெந்துதான்டா இருக்கே!"

அவ்வளவுதான், புதினாவும் கொத்தமல்லியும் மேடையிலிருந்து குதித்தன. "எங்களைச் சும்மா மேலே தூவற வேலை வேணாம். கை நிறைய அள்ளிப் போடு!" வறுத்து இடித்த சீரகமும் மிளகும், இஞ்சி, எலுமிச்சைச் சாறு, நல்லெண்ணெயோடு கூட்டுச் சேர்ந்து வந்தன.

"நீங்களும் போர்த்தவா வந்தீங்க?" என்று சோளம் சீறியது.

"இல்லண்ணே. உன் சத்தத்தைக் கூட்ட வந்தோம்," என்றது மிளகு.

மதியப் பந்தியில் முதல் வாய் வைத்தவர் திருமேனி, அங்கே வழக்கமாகச் சாப்பிடுகிறவர். பேசிக்கொண்டே விழுங்கிப் பழகிய மனிதர். வாய்க்குப் போன கை அப்படியே நின்றது.

"என்னம்மா இது, மெல்ல வேண்டியிருக்கே!"

உள்ளே மிக்சி ஆசையோடு எட்டிப் பார்த்தது. தட்டில் இருந்த சோளத்துக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் நெஞ்சை நிமிர்த்தியே இருந்தது.

"பல்லு இருக்குல்ல சார்? மெல்லுங்க," என்றாள் அமலோற்பவம்.

திருமேனி மென்றார். பேச்சை விட்டுவிட்டு மென்றார். தயிர் வாளி அவசரமாக அவர் பக்கம் வந்து கரண்டியை நீட்டியது. அவர் தட்டின் மேல் கையை விரித்து மறித்தார்.

"இதுமேல ஒண்ணும் ஊத்தாதே. என்ன திங்கிறேன்னு எனக்குத் தெரியணும்."