மூன்று ஊருக்கும் சம தூரம்

மாதேவி அம்மையிடம் நிலம் அளக்கும் வித்தை படித்தவர்களில் வயதில் மூத்தவர் ஏகாம்பரம். குருவைவிடப் பத்து வயது பெரியவர். மீசை நரைத்த பிறகுதான் அவருக்குப் படிப்பில் ஆசை வந்தது, என்ன செய்வது. குரு தன் கையால் அளவுக்கயிறு தந்தால்தான் படிப்பு முடிந்ததாகக் கணக்கு. இதற்கிடையில் ஊரிலிருந்து மனைவி ஆள்விட்டுச் சொல்லியிருந்தாள்: "பொங்கலுக்குள்ள வந்து சேரலைன்னா அங்கேயே இருந்துக்கட்டும்."

மனுஷன் அன்றைக்கே குருவிடம் போய் நின்றார்.

"கயிறு எப்போது கிடைக்கும், தாயே?"

"மேலூர், நடுவூர், கீழூர் மூன்றும் பொதுக் கிணற்றுக்காக அடித்துக்கொள்கின்றன. இதோ வரைபடம். கிணற்றுக்கு இடம் குறித்துத் தாரும். கயிறு உமக்கு."

இதென்ன பிரமாதம் என்று ஏகாம்பரம் கவராயத்தை எடுத்தார். மூன்று ஊருக்கும் சம தூரத்தில் இருக்கும் புள்ளி ஒன்றே ஒன்றுதான். அதைக் கண்டுபிடித்துச் சிவப்பு மையில் குறித்தார். தன் முதுகில் தானே தட்டிக்கொடுக்காத குறைதான்.

ஆனால் அந்த மூன்று ஊரும் ஓடைக்கரையில் ஏறக்குறைய ஒரே வரிசையில் இருந்தன. அப்படி இருந்தால் சம தூரப் புள்ளி பக்கத்திலா விழும்? காத தூரம் தள்ளி, ஒரு மொட்டைப் பாறையின் உச்சியில் விழுந்தது.

மறுநாள் மூன்று ஊர்க்காரர்களும் குடமும் கையுமாக அவர் பின்னால் நடந்தார்கள். பாறை ஏறி முடிப்பதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. ஏகாம்பரம் மூச்சு வாங்கியபடி முளையை அடித்தார். அது இறங்கவில்லை.

"இங்க தண்ணி வருமாய்யா?" என்று கேட்டாள் நடுவூர்ச் செல்லாயி.

"அதை நான் கணக்கில் சேர்க்கலை. தூரத்தில் மட்டும் ஒரு சாண் கூடக்குறைய இருக்காது."

"எங்க ஊர் ஓடைக்கரையில தோண்டியிருந்தா, சண்டை போட்டுக்கிட்டாவது தண்ணி குடிச்சிருப்போம்."

மேலூர்க்காரர்களும் கீழூர்க்காரர்களும் ஆமாம் போட்டார்கள். மூன்று ஊரும் ஒத்துப்போனது அன்றைக்குத்தான்.

கடைசியாக மாதேவி அம்மை மேலேறி வந்தார். ஏகாம்பரம் ஓடிப்போய்க் கும்பிட்டார்.

"யாருக்கும் ஓரவஞ்சனை இல்லாமல் அளந்திருக்கிறேன், தாயே. கயிறு..."

"அது இருக்கட்டும். தாகமாக இருக்கிறது. ஒரு குடம் தண்ணீர் கொண்டுவாரும்."

செல்லாயி சிரிப்பை அடக்கிக்கொண்டு தன் குடத்தை நீட்டினாள். ஏகாம்பரம் அதை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கீழே பார்த்தார். மூன்று ஊரும் எங்கேயோ கிடந்தன. கால் இப்போதே கெஞ்சியது.

"எந்த ஊருக்குப் போகட்டும், தாயே?"

குரு பாறைமேல் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டார்.

"உமக்குப் பிடித்த ஊருக்குப் போய்வாரும். எல்லாம் ஒரே தூரம்தானே."