ராஜா சுற்றிய முறுக்கு

நீங்கள் தோசை வார்க்கும்போது முதுகுக்குப் பின்னால் ஒருத்தர் நின்றுகொண்டு, "ம்... சீக்கிரம்... ம்..." என்று உறுமிக்கொண்டே இருந்தால், தோசை வட்டமாக வருமா? வராதில்லையா? அப்படியென்றால் காத்தாயியின் கோபம் உங்களுக்குச் சட்டென்று புரிந்துவிடும்.

நெடுங்கரை என்கிற நாட்டை ரொம்ப காலத்துக்கு முன்னால் பூபதிராயன் என்கிற ராஜா ஆண்டுகொண்டிருந்தான். நினைத்தால் சிரிப்பான், நினைத்தால் சீறுவான். அவனுக்கு ஒரே ஒரு பெருமை உண்டு. கைமுறுக்கு சுற்றுவதில் தன்னை அடிக்க ஆளில்லை என்பான். தீபாவளி வந்தால் சமையற்காரர்களை விரட்டிவிட்டுத் தானே மாவைப் பிசைந்து உட்கார்ந்துவிடுவான்.

அந்த நாட்டின் பெரிய ஏரிக்குக் கரை போடும் வேலை நடந்துகொண்டிருந்தது. மழைக்கு முன் கரை அடைபடாவிட்டால் கீழே இருக்கிற ஊரெல்லாம் வெள்ளத்தில் போகும். காத்தாயியின் ஊரும் அங்கேதான் இருந்தது. அவள் வேப்பமரத்தில் தூளி கட்டிப் பிள்ளையைப் போட்டுவிட்டு, சும்மாடு வைத்து மண் சுமப்பாள். அவள் பாட்டெடுத்தால் மொத்தக் கூட்டமும் பின்பாட்டுப் பாடும். ஒரு துண்டு கரை முடிந்ததும் ஈர மண்ணில் எல்லோரும் உள்ளங்கையைப் பதிப்பார்கள். "இது நாங்க போட்டது" என்று பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டுவார்கள்.

இதையெல்லாம் ராஜா ஒருநாள் வாய்விட்டுப் புகழ்ந்துவிட்டான். வந்தது வினை! அரண்மனை அதிகாரி சூரப்பருக்கு வயிறு எரிந்தது. "நான் மேற்பார்வை பார்த்தால் இன்னும் வேகமாக நடக்கும்" என்று ராஜாவிடம் சொல்லி, பிரம்போடு வந்து முதுகுக்குப் பின்னால் நின்று உறுமினார். பாட்டு கூடாது என்றார். பதித்த கைத்தடங்களை வழித்தெடுக்கச் சொன்னார். நேற்றுப் போட்ட கரையை இன்று, "கோணலா இருக்கு, கலைச்சுட்டு ஒரு முழம் தள்ளிப் போடு" என்றார். மறுநாள், "பழைய இடமே தேவலை" என்றார்.

கரை வளரவில்லை. மேகம்தான் வளர்ந்தது.

"சோம்பேறிக் கூட்டம் மகாராஜா! இவள்தான் தலைவி" என்று காத்தாயியைச் சபையில் கொண்டுபோய் நிறுத்தினார் சூரப்பர். இடுப்பில் பிள்ளையோடு நிமிர்ந்து நின்றாள் அவள்.

"கூலி நெல் ஒழுங்காக வருகிறதா?" என்று கேட்டான் ராஜா.

"வருது ராஜா."

"பிறகென்ன கேடு?"

"கூலி வயித்துக்கு ஆச்சு. கை ஓடணுமே, அதுக்கு வேற ஒண்ணு வேணும். அதை இந்த அதிகாரி தினம் கலைச்சுக் கலைச்சுப் போடுறார்."

"திமிர்!" என்று குதித்தார் சூரப்பர். "என் மேற்பார்வையில் மகாராஜாவே வேலை செய்தாலும் இன்னும் நன்றாகத்தான் செய்வார்!"

"இவள் கூட்டத்தோடு இன்றே நாட்டைவிட்டுப் போகட்டும்" என்றான் ராஜா.

காத்தாயி நகரவில்லை. "போறோம். ஆனா அதிகாரி ஒரு வார்த்தை சொன்னாரே, அதைப் பார்த்துட்டுப் போறோம். ராஜா முறுக்கு சுத்தட்டும். அங்க எங்களை எப்படி மேய்ச்சாரோ அப்படியே இங்க இவர் நிக்கட்டும். முறுக்கு நல்லா வந்தா நாங்க சோம்பேறிதான்."

ராஜாவுக்கு விளையாட்டென்றால் உயிர். "அட! கொண்டுவா மாவை!" என்றான்.

வெள்ளைத் துணி விரித்து, அடுப்பில் எண்ணெய் வைத்தார்கள். ராஜா குஷியாக ஒரு ராகத்தை இழுத்துக்கொண்டே மாவைத் திரித்தான்.

"அதிகாரி, பாட்டு!" என்றாள் காத்தாயி.

"மகாராஜா... தயவுசெய்து பாட்டு மட்டும்..."

"அங்க இவ்வளவு பணிவு கிடையாதே? வாயை மூடிட்டு வேலையைப் பாருன்னுதானே சொல்வீங்க?"

"அங்கே சொன்னதையே சொல்லும்!" என்றான் ராஜா. சூரப்பர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். ராகம் நின்றது. பின்னாலிருந்து, "ம்... ம்..." என்று உறுமல் வர, ராஜாவின் விரல் தடுமாறி மாவு அறுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி சுற்றினான். ஏழு சுற்று, கச்சிதம்! பெருமையோடு நிமிர்ந்து பார்த்தான்.

"இப்ப என்ன செய்வீங்க அதிகாரி?"

சூரப்பர் முறுக்கைக் கலைத்தார். "கோணல்... ஒரு விரற்கடை தள்ளி..."

ராஜாவின் முகம் சிவந்தது. ஆனாலும் சுற்றினான். அதையும் கலைத்து, "பழைய இடமே தேவலை" என்றார். மூன்றாவது தடவை ராஜா சுற்றவே இல்லை. மாவை அப்படியே உருட்டி எண்ணெயில் எறிந்தான்.

"எப்படியும் கலைக்கத்தான் போகிறான். எப்படி இருந்தால் எனக்கென்ன?"

சொன்ன வாய் திறந்தபடி நின்றது.

"இதையேதான் ராஜா நாங்களும் சொன்னோம்" என்றாள் காத்தாயி. "நாங்க சொன்னப்போ அதுக்குச் சோம்பேறித்தனம்னு பேரு வெச்சாங்க."

ராஜா கையிலிருந்த மாவைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். வெளியே கருகி உள்ளே வேகாமல் மிதந்த உருண்டையை எடுத்துத் தட்டில் வைத்தான்.

"சூரப்பரே, உம்முடைய மேற்பார்வையில் விளைந்தது. மிச்சம் வைக்காமல் தின்னும். இனி ஏரிப்பக்கம் உம் நிழல்கூட விழக்கூடாது." காத்தாயியிடம் திரும்பினான். "அம்மா, இனி நீதான் மேற்பார்வை."

"எதுக்கு ராஜா? எங்க கரையை எங்களுக்குப் போடத் தெரியும். பின்னாடி ஆள் இல்லாம இருந்தாலே போதும்."

அன்று சாயங்காலமே ஏரியில் பாட்டுக் கேட்டது. கரை மளமளவென்று ஏறியது. வடக்கே வானம் கறுத்து இறங்கிய காலையில், கரையில் அடைக்க வேண்டிய இடைவெளி ஒன்றே ஒன்றுதான். அப்போது ராஜா யானையில் வந்து இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டினான்.

"காத்தாயி, நானும் ஒரு கூடை தூக்கலாமா?"

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"தாராளமா தூக்குங்க ராஜா. அந்தக் கிரீடத்தை மட்டும் கொஞ்சம் கழற்றி ஓரமா வெச்சிட்டு வாங்க. அது இருந்தா கூடை நிக்காது."