வெற்றிக் குளத்துத் தண்ணீர்

பவழத்துறையில் அந்த ஆண்டு மழை நன்றாகப் பெய்தது. மழை விட்டதும் வாந்திபேதி வந்தது.

ஊரில் ஒரு மருத்துவச்சாலை இருந்தது. அதன் ஆசான் இளவழுதிக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவருடைய சீடர் பெருந்தேவனாருக்கோ அறுபது தாண்டிவிட்டது. “தாத்தா பாடம் கேட்கப் போகிறார், வழி விடுங்கள்” என்று தெருவில் கேலி செய்வார்கள். அவர் சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

பெருந்தேவனார் முன்பு அரண்மனையில் அரசாணைகளுக்கு வாசகம் எழுதி, சபையில் வாசித்தவர். ஒரு தோல்வியை எப்படிச் சொன்னால் வெற்றி போலக் கேட்கும் என்று அவருக்குத் தெரியும். அந்த வேலை கசந்துபோய்த்தான் மருந்து இடிக்க வந்தார்.

“இங்கே அரசியல் இல்லை. எனக்கு அது போதும்” என்பார்.

நோய் பரவியதும் ஆசானும் சீடரும் வீடு வீடாகப் போனார்கள். என்ன சாப்பிட்டீர்கள், யார் வந்து போனார்கள், எந்தத் தண்ணீர் குடித்தீர்கள் என்று கேட்டார்கள். மலை ஊற்றுத் தண்ணீர் குடித்த தெருக்களில் நோய் இல்லை. வெற்றிக் குளத்தில் மொண்ட கீழைத் தெருக்களில் வீட்டுக்கு ஒருவராவது படுத்திருந்தார்.

குளத்தைச் சுற்றி வந்து பார்த்தார்கள். படைவீரர் கொட்டடியின் சாக்கடை ஒரு மூலையில் கரையை அரித்து உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது.

அது அரசர் வெட்டிய குளம். தீவு நாட்டைப் போரில் வென்றதற்கு அடையாளமாக வெட்டியது. ஆசான் அரண்மனைக்குப் போய், பார்த்ததைச் சொன்னார். இனிப் பொது இடத்தில் அவர் வாய் திறக்கக் கூடாது என்ற ஆணையோடு திரும்பி வந்தார்.

பவழத்துறையில் ஒரு வழக்கம் உண்டு. மழைக்காலம் முடிந்து குளம் தெளிந்ததும், மருத்துவச்சாலையிலிருந்து ஒருவர் படியிறங்குவார். முதல் கை நீரை அள்ளிக் குடித்துவிட்டு, “குடிக்கலாம்” என்று உரக்கச் சொல்வார். அதற்குப் பிறகுதான் ஊரார் குடத்தை முக்குவார்கள். மலைவரை நடக்க முடியாத கீழைத் தெருக்காரர்கள் மட்டும் அந்த ஆண்டு காத்திருக்கவில்லை.

அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டிய நாளுக்கு முதல் நாள் பகலில், அமைச்சர் கோவரையர் மருத்துவச்சாலைக்கு வந்தார். பெருந்தேவனாரோடு ஒரு காலத்தில் ஒன்றாக வேலை பார்த்தவர்.

“என்ன பெருந்தேவரே, சொல் கோத்த கைக்கு உலக்கை பொருந்துகிறதா?”

“பொருந்துகிறது. உலக்கை யாரையும் பொய் சொல்லச் சொல்வதில்லை.”

கோவரையர் சிரித்தார். “நாக்கு மட்டும் அப்படியே இருக்கிறது. அதுதான் எங்களுக்கு வேண்டும். நாளைக் காலை குளத்தில் நீங்கள் இறங்குகிறீர்கள். தண்ணீர் குடிக்கலாம் என்கிறீர்கள். நோய் தீவு நாட்டுக் கப்பலில் வந்தது என்கிறீர்கள். அவ்வளவுதான்.”

“அந்தக் கப்பலில் வந்திருப்பவர்கள் வைத்தியர்கள். போன ஆண்டு அங்கேயும் இதே நோய். மருந்தோடு வந்து, இறங்க அனுமதி கேட்டுத் துறைக்கு வெளியே நிற்கிறார்கள்.”

“நிற்கட்டும். தோற்றவன் வந்து வென்றவனைக் காப்பாற்றினான் என்று நாலு நாட்டில் பேச்சு வரலாமா?”

“நான் அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டுமே.”

“ஒரு வாய்தானே? அடக்கி வைத்திருந்து, அந்தப் பக்கம் போய்த் துப்பிவிடுங்கள்.”

“சொல்ல மாட்டேன் என்றால்?”

கோவரையர் கூடத்தை எட்டிப் பார்த்தார். கட்டில்கள் நெருக்கமாகக் கிடந்தன. தரையிலும் பாய் விரித்திருந்தது.

“இந்தக் கதவில் பூட்டுத் தொங்கும். உள்ளே கிடப்பவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பெருந்தேவனார் ஆசானிடம் வந்தார். ஆசான் ஒரு பெண்பிள்ளைக்குக் கரண்டியால் கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தார்.

“கேட்டீர்களா, ஆசானே?”

“கேட்டது.”

“இவர்களை நடுத்தெருவில் விட முடியாது. வைத்தியன் நோயாளியைப் பார்க்க வேண்டும். அரண்மனைச் சண்டையை அரண்மனை பார்த்துக்கொள்ளட்டும். ஒரு பொய் சொன்னால் கதவு திறந்திருக்கும். சொல்லிவிடட்டுமா?”

ஆசான் கரண்டியை வழித்தார். “சொல்லிவிட்டு?”

“வீடு வீடாகப் போய், காய்ச்சிக் குடியுங்கள் என்று காதோடு சொல்லிவிடுகிறேன்.”

“குடிக்கலாம் என்று நீங்களே குடித்துக் காட்டிய தண்ணீரை எதற்குக் காய்ச்சுவார்கள்?”

அரண்மனையில் சபைக்கு ஒரு பேச்சு, காதுக்கு ஒரு பேச்சு என்று காலம் தள்ளியவர் பெருந்தேவனார். காதுக்குச் சொன்னதை எல்லோரும் நம்பிவிடுவார்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்.

ஆசான் மூலையிலிருந்த குடத்தை எடுத்து அவரிடம் நீட்டினார். “பெரியவரே, உள்ளே தண்ணீர் தீர்ந்துவிட்டது. குளத்தில் மொண்டு வாருங்கள்.”

“குளத்திலா?”

“நாளைக்கு ஊரே குடிக்கப் போகிறது. இவர்கள் மட்டும் எதற்கு மலைத் தண்ணீருக்குக் காத்திருக்க வேண்டும்?”

பெருந்தேவனார் குடத்தோடு குளத்துக்குப் போனார். கடைசிப் படிவரை இறங்கினார். தண்ணீர் பார்க்கத் தெளிவாகத்தான் இருந்தது. குடத்தின் வாயை நீர்மட்டத்துக்குக் கொண்டுபோனார். கை அதற்கு மேல் இறங்கவில்லை. கஞ்சி குடித்த பிள்ளையின் ஒட்டிய கன்னம் கண்ணில் நின்றது.

படியேறி, மலைப்பக்கம் நடந்தார்.

ஊற்றடியில் அரண்மனை வண்டிகள் வரிசையாக நின்றன. செப்புக் குடங்களில் நீர் நிரப்பி, வாயைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

“யாருக்கப்பா இத்தனை குடம்?”

வண்டிக்காரர் ஒருவர் குரலைத் தாழ்த்தினார். “அரண்மனைக்குத்தான், ஐயா. உங்கள் ஆசான் வந்து சொல்லிவிட்டுப் போனதிலிருந்து குளத்துத் தண்ணீர் கோட்டைக்குள் நுழைவதில்லை. நான் சொன்னதாகச் சொல்லிவிடாதீர்கள்.”

திரும்பி வந்து இதைச் சொன்னபோது பெருந்தேவனாருக்கு மூச்சு வாங்கியது. ஆசான் வாய்விட்டுச் சிரித்தார்.

“பார்த்தீர்களா? இந்த ஊரில் நம் பேச்சை முதலில் நம்பிய வீடு அதுதான்.”

“சிரிக்கிறீர்களே! நாளைக்கு நான் என்ன சொல்லட்டும்?”

ஆசான் குடத்தை வாங்கி உள்ளே பார்த்தார்.

“குளத்தில் ஏன் முக்கவில்லை?”

பெருந்தேவனார் குடத்தைத் திரும்ப வாங்கி, கஞ்சி குடித்த பிள்ளையின் கட்டிலுக்குக் கொண்டுபோனார்.

காலையில் குளக்கரையில் கூட்டம் நெருங்கி நின்றது. வெறுங்குடங்கள் ஒன்றோடொன்று இடித்தன. கோவரையர் காவலர்களோடு மேல்படியில் நின்றார். ஆசான் கூட்டத்தில் ஒருவராக நின்றார்.

பெருந்தேவனார் இறங்கினார். குனிந்து, இரு கைகளாலும் நீரை அள்ளினார். அவர் விரல்களைப் பிரித்தார். நீர் முழுவதும் வழிந்து குளத்திலேயே விழுந்தது.

“குடிக்க வேண்டாம்” என்றார்.

முன்வரிசைக்குக்கூடச் சரியாகக் கேட்கவில்லை. பின்னால் யாரோ, “தாத்தா, சத்தமாக!” என்று கத்தினார்கள்.

அவர் நிமிர்ந்தார். அரசாணைகளை வாசித்துப் பழகிய குரல் வெளியே வந்தது.

“இந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம்! கொட்டடிச் சாக்கடை இதில் இறங்குகிறது. நோய் கப்பலில் வரவில்லை. கப்பலில் வந்திருப்பவர்கள் வைத்தியர்கள். மலை ஊற்றுக்குப் போங்கள். அரண்மனை வண்டிகள் அங்கேதான் நிற்கின்றன.”

கூட்டம் அப்படியே கோவரையர் பக்கம் திரும்பியது. அவர் முகம் கறுத்தது.

“மருந்து இடிக்கப் போனவருக்கு அரசியல் எதற்கு?”

“தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்று ஊருக்குச் சொல்வது என் வேலை, கோவரையரே. இதில் அதுவும் கலந்திருக்கிறது.”

வெயில் ஏறுவதற்குள் மருத்துவச்சாலைக் கதவில் பூட்டுத் தொங்கியது. பெருந்தேவனாரும் இனிப் பொது இடத்தில் வாய் திறக்கக் கூடாது என்று காவலன் வாசித்துவிட்டுப் போனான்.

கட்டில்கள் தெருவுக்கு வந்தன. கீழைத் தெருக்காரர்கள் அவற்றைத் தூக்கிப் புங்கமரங்களுக்கு அடியில் வரிசையாகப் போட்டார்கள். வெயில் படாமல் இருக்க யாரோ பாய்மரத் துணியைக் கொண்டுவந்து கிளைகளுக்கு இடையில் கட்டினார்கள். மீனவர் இருவர் தீவு நாட்டுக் கப்பலை நோக்கித் தோணியைத் தள்ளினார்கள்.

பெருந்தேவனார் ஒரு கட்டிலின் கால்மாட்டைப் பிடித்திருந்தார். தலைமாட்டில் ஆசான்.

“ஆசானே, உங்கள் வாயை அடைத்தார்கள். இப்போது என் வாயையும் அடைத்துவிட்டார்கள். நாளைக்கு வெளியூர்க்காரன் எவனாவது குளத்தில் இறங்கினால் யார் சொல்வது?”

ஆசான் கட்டிலை மெல்ல இறக்கி வைத்தார். மலைக்கும் குளத்துக்கும் வழி பிரியும் இடத்தில் இடுப்பில் குடத்தோடு ஒரு பெண் நின்றிருந்தாள். குளத்துப் பக்கம் திரும்பிய ஒரு வழிப்போக்கனை மறித்து, “அந்தத் தண்ணீர் வேண்டாமப்பா, மேலே போ” என்று கையை நீட்டிக் காட்டினாள். அவளுக்குப் பின்னால் வந்தவளும் அதையே சொன்னாள்.

ஆசான் நடுத்தெருவில் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார்:

“அரண்மனையில் மொத்தம் எத்தனை பூட்டு இருக்கும், பெரியவரே?”