தாளாளர் ஷூவின் தாளம்

எங்கள் கல்லூரித் தாளாளர் தங்கதுரைக்குப் பாட்டென்றாலே ஆகாது. நடனப் போட்டிக்குப் பாட்டு வீடியோ எடுக்க அனுமதி கேட்டோம். "எடுங்க. ஆனா பாட்டோ தாளமோ என் காதுல விழுந்துச்சு, கேமராவைப் பிடுங்கிடுவேன்" என்றார்.

பாட்டில்லாமல் எப்படி ஆடுவது? எல்லோரும் தலையில் கைவைத்து உட்கார்ந்தோம். லைட் பிடிக்கும் ஜெஸிந்தா அசருவாளா? "பாட்டை அப்புறம் சேத்துக்கலாம்" என்றவள், தன் காதில் மட்டும் இயர்போனை மாட்டிக்கொண்டு, தாளத்துக்கு ஏற்ப டார்ச்சை அணைத்து அணைத்து அடித்துக் காட்டினாள். அதைப் பார்த்தே வெறுங்காலோடு பூனை மாதிரி ஆடினோம்.

கையும் களவுமாகப் பிடிக்க வந்த தாளாளர், வாசலில் நின்று டார்ச்சையே பார்த்தார். திடீரென்று டக், டக்.

"யாரு தாளம் போடுறது?" என்று கத்தினார்.

ஜெஸிந்தா டார்ச்சை அவர் ஷூவின்மேல் அடித்தாள். அது இன்னும் நிற்கவில்லை.

"நிறுத்திடாதீங்க சார், கேமரா ஓடிட்டிருக்கு."