யார் முதலில் கேட்டது

ரத்தம் கேட்டு ஆஸ்பத்திரிகள் அனுப்பும் செய்திகளைக் கொடையாளர்களிடம் கொண்டுசேர்க்கிற மென்பொருள் அது. செய்திகள் ஒரு வரிசையில் வந்து நிற்கும். அங்கிருந்து எடுத்து அடுத்த வரிசையில் விடுவது பசுபதி எழுதிய நிரலின் வேலை. ஐம்பது வயதுக்கு மேல் இந்தத் தொழிலுக்கு வந்தவர் பசுபதி. கற்றுக்கொடுத்த ரெஜினா அவரைவிடப் பத்து வயது இளையவர். பாதி கேலியாகவும் பாதி நிஜமாகவும் ஆபீஸே ரெஜினாவைக் குரு என்றுதான் சொல்லும்.

ஒவ்வொரு செய்தியின் தலைப்பிலும் யார் அனுப்பியது, எப்போது, பதில் யாருக்கு என்று நாலு வரி ஒட்டிக்கொண்டு வரும். பசுபதிக்கு அது வீண் என்று பட்டது. அன்று காலை அதைக் கழற்றிவிட்டு, உள்ளே இருப்பதை மட்டும் அனுப்பும்படி மாற்றினார். வேகம் கூடியது. சந்தோஷத்தில் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

மத்தியானம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒரு கொடையாளர் கூப்பிட்டார். ஓ நெகட்டிவ் ரத்தத்துக்கு அன்று அகப்பட்ட ஒரே ஆள்.

"வந்துட்டேங்க. எந்த ஆஸ்பத்திரிக்குப் போகணும்?"

பசுபதி திரையைப் பார்த்தார். 'ஓ நெகட்டிவ், ஒரு யூனிட், அவசரம்.' அதே வாசகம் மூன்று தடவை. எதற்கும் ஊருமில்லை, பேருமில்லை, நேரமுமில்லை. எடுத்த செய்தி பழைய வரிசையிலும் மிச்சமிருக்காது.

"லைன்லயே இருங்க" என்று சொல்லிவிட்டு ரெஜினாவிடம் ஓடினார்.

ரெஜினா அடுத்தவர் தப்பைத் திருத்தித் திருத்தியே ஓய்ந்து போயிருந்தார். பசுபதி சொன்னதைக் கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"செய்தியில ஒரு எழுத்துகூடக் குறையல மேடம். அப்புறம் எங்க தப்பு?"

ரெஜினா மேஜையிலிருந்த போனை அவர் பக்கம் நகர்த்தினார்.

"ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கா போட்டுக் கேளுங்க சார்."

பசுபதி கேட்டார். பல இடங்களில் இல்லை என்றார்கள். ஓரிடத்தில், "ஆமாங்க, பிரசவ கேஸு. கிடைச்சிருச்சா?" என்றார்கள். இன்னோரிடத்தில், "நாங்கதான் முதல்ல கேட்டோம்" என்று அடித்துச் சொன்னார்கள். கடைசியாகப் பேசிய நர்ஸ் இவருக்குப் பதிலே சொல்லவில்லை. பக்கத்தில் யாரிடமோ, "அழாதீங்கம்மா, கிடைச்சிருச்சு" என்றாள்.

மூன்று இடத்திலும் செய்தி அனுப்பிய நேரத்தை யாரும் குறித்துவைக்கவில்லை. முதலில் கேட்டவருக்கு முதலில் என்பதுதான் அங்கே வழக்கம். முதலில் கேட்டது யார் என்று சொல்ல இப்போது உலகத்தில் ஒரு சாட்சி இல்லை.

அவர் கைபேசியில் கொடையாளரின் குரல் கேட்டது. "சார், இருக்கீங்களா?"

"மேடம், நான் என்ன சொல்லட்டும்?"

ரெஜினா அந்தக் கைபேசியைக் காட்டினார்.

"இந்தப் பாரம் எந்த மனுஷன் தலையிலயும் விழக்கூடாதுன்னுதான் சார், செய்தியே அதைத் தலைப்புல தூக்கிட்டு வந்துச்சு. சொல்லுங்க. அவர் வெயில்ல நிக்கிறார்."