தாளாளர் கேட்ட சாட்சி

எங்கள் ஊர்க் கல்லூரியில் ஒரு காமெடிப் படத்தின் ஷூட்டிங். விண்ணப்பத்தை நீல மையில் எழுதியதற்காக ஹீரோவுக்கு சீட் இல்லை என்று விரட்டுகிற காட்சி. ஷூட்டிங்குக்கு இடம் கொடுத்த கல்லூரித் தாளாளர் வேதநாயகம் பாய்ந்து வந்தார்.

“எந்தக் கல்லூரியிலயாவது இப்படிக் கேவலமா நடக்குமா? ஒரு சாட்சி காட்டுங்க. இல்லேன்னா கேமராவைத் தூக்கிட்டுக் கிளம்புங்க!”

காஸ்ட்யூம் உதவியாளர் செம்மலர் நைந்துபோன கடிதம் ஒன்றை நீட்டினாள். “டைரக்டருக்கு இந்தக் காட்சியைச் சொன்னதே நான்தாங்கய்யா. இது நாலு வருஷம் முன்னாடி எனக்கு வந்தது.”

தாளாளர் சத்தமாகவே படித்தார். “கறுப்பு மையில் எழுதாததால் நிராகரிக்கப்படுகிறது... எந்த மடையன்யா இவன்?”

“கீழே கையெழுத்து இருக்குங்கய்யா.”

அவருடைய கையெழுத்து. அதுவும் நீல மையில்.

தாளாளர் சட்டைப்பையில் இருந்த பேனாவைக் கையால் பொத்திக்கொண்டார்.